பம்பரத்தில் இருக்கும் இரண்டு ‘ப’

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுப்பது எப்படி? இன்றைய பொருள் இதுதான். கூட்டம் நடப்பது சென்னையின் மீனவர் குப்பமான ஊரூர் ஒல்காட் குப்பத்தில் என்பதால் உதாரணங்களுக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. இதற்கு வேண்டிய வரலாறும் இங்கே கிடக்கிறது. இதற்கு வேண்டிய மணலும் இங்கே கிடக்கிறது.

மணலிலிருந்தே தொடங்கலாம். 1789இல் எழும்பூரில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளியின் பொறுப்பு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாரிடம் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்து ஏறவில்லை. ஆசிரியர்களுக்கோ பொறுமை இல்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் பெல்லின் கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பியதும் அதையே செய்யும்படி தன் ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் ஆகாது என்றார்கள். பெல் விடவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். அவன் பெயர் ஜான் ஃப்ரிஸ்கன். ஆசிரியர் முடியாது என்றதை அந்தப் பையன் செய்து காட்டினான்.

அவன் செய்த வேலைக்கு நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: சட்டாம்பிள்ளை. முன்னால் படித்த பிள்ளை பின்னால் வருகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது இங்கே பழைய வழக்கம். பெல் ஊர் திரும்பி 1797இல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த ‘மெட்ராஸ் கல்லூரி’ என்ற பள்ளி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் நடக்கிறது. ஆங்கிலேயர் தம் பிள்ளைகளுக்குத் தம் மொழியை எழுதக் கற்றுக்கொடுக்க மெட்ராஸ் மணலைக் கடன் வாங்கினார்கள். அதே மெட்ராஸில் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க மட்டும் மணல் உதவாதா?

மணலில் அப்படி என்ன இருக்கிறது? தப்பாக எழுதினால் தடவிவிட்டுத் திரும்ப எழுதலாம். சிவப்பு மை கிடையாது, கிழிந்த தாள் கிடையாது. விரல் மட்டும் வேலை செய்வதில்லை, தோளிலிருந்து கை முழுதும் எழுத்தின் வடிவத்தில் போய்வருகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமான சங்கதி வேறு. மணலில் எழுதும்போது பிள்ளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறது. கை ‘அ’ போடும்போது வாய் ‘அ’ என்கிறது. தமிழில் எழுத்தின் பெயரும் எழுத்தின் ஒலியும் ஒன்றே. அதனால்தான் இது நடக்கிறது. ஆங்கிலத்தில் வழுக்குவதும் சரியாக இந்த இடத்தில்தான்.

எந்த ஆரம்பப் பள்ளி வாசலில் நின்றாலும் காதில் விழுகிற பாட்டு ஒன்று உண்டு. ‘சி, ஏ, டி, கேட், கேட்னா பூனை. பி, ஏ, டி, பேட், பேட்னா மட்டை.’ வகுப்பே கூடிப் பாடும். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். படத்தை மூடிவிட்டு, பாடத்தில் இல்லாத வேறொரு மூன்றெழுத்துச் சொல்லைப் பலகையில் எழுதினால் வகுப்பு அமைதியாகிவிடும். எழுத்துகளின் பெயரை எல்லாப் பிள்ளைகளும் சொல்லும். சொல்லைப் படிக்க ஒரு பிள்ளைக்கும் வராது. பிள்ளைகள் படிக்கவில்லை, மனப்பாடம் செய்திருக்கிறார்கள். குற்றம் பிள்ளையுடையதா? ‘ம, ர, ம்’ என்று கூட்டினால் ‘மரம்’ வருகிறது. ‘சி, ஏ, டி’ என்று எத்தனை முறை கூட்டினாலும் ‘சியேடி’தான் வரும், ‘கேட்’ வரவே வராது. ‘டபிள்யூ’ என்ற நீளமான பெயருக்குள் அந்த எழுத்தின் ஒலி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பெரியவர்களாலும் சொல்ல முடியாது. ஆங்கில எழுத்துக்குப் பெயர் ஒன்று, வேலை ஒன்று. பள்ளியில் பெயரை முதலில் சொல்லிக்கொடுத்து, வேலையைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

பெயரைப் பின்னால் வைத்து ஒலியை முன்னால் வைப்பதற்குத் தமிழ்ப் பிள்ளையிடம் ஒரு நல்ல கருவி உண்டு. அதுதான் புள்ளி. ‘ம’ என்று எழுதிப் புள்ளி வைத்தால் உயிர் நீங்கிய வெறும் மெய். ‘ம்’முடன் ‘இ’ சேர்ந்தால் ‘மி’. இந்தக் கணக்கு முதல் வகுப்பிலேயே பிள்ளைக்குத் தெரியும். ஒலிவழி ஆங்கிலம் கற்பிக்கிற ஆசிரியர்களிடம் பொதுவாக ஒரு தவறு காணப்படும். ஒவ்வொரு மெய்யோடும் ஓர் ‘அ’ ஒட்டிக்கொண்டு ‘ப, ட, ம’ என்று வரும். அப்படிச் சொன்னால் ஒலிகள் கூடுவதில்லை. ‘புள்ளி வைத்துச் சொல்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தமிழ்ப் பிள்ளை உடனே திருத்திக்கொள்ளும். உயிரும் மெய்யும் பிரிந்து நிற்பதையும், கூடி உயிர்மெய் ஆவதையும் தொல்காப்பியம் தொட்டு விளக்கிவந்த மொழியின் பிள்ளை அது. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளின் கூட்டல் புரிந்துவிட்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தின் 26 எழுத்து எண்ணிக்கையால் பாரமே இல்லை. பாரம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 26 எழுத்துகளும் ஏறக்குறைய 44 ஒலிகளைச் சுமக்கின்றன. சில எழுத்துக்கு இரண்டு வேலை, மூன்று வேலை.

அந்த 44இல் தமிழ்க் காதுக்குப் புதியவை எவை? இங்கேதான் பம்பரம் வருகிறது. ‘பம்பரம்’ என்று மெதுவாகச் சொல்லிப் பார்க்கலாம். முதல் ‘ப’வும் இரண்டாவது ‘ப’வும் ஒரே ஒலியா? முதலாவது வல்லென்று வெடிக்கிறது. இரண்டாவது ‘ம்’முக்குப் பின்னால் மெத்தென்று அதிர்ந்து வருகிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. தமிழில் இடம் பார்த்து ஒலி தானாக மாறுவதால் இரண்டு எழுத்து தேவைப்படவில்லை. வாய் இரண்டையும் சரியாகச் சொல்கிறது, காது இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் இரண்டு எழுத்து. மாற்றிப் போட்டால் சொல்லே மாறிவிடும்.

இதைக் கற்பிக்கப் புது ஒலி எதையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. பிள்ளையின் வாயில் இருப்பதைக் காதுக்குக் காட்டினால் போதும். ‘பஸ், பல்பு, பாட்டில்’ ஒரு கூடையில். ‘பேனா, பேப்பர், பாஸ்’ இன்னொரு கூடையில். ‘டீசல், டிரம்’ ஒரு கூடையில். ‘டீ, டார்ச்’ இன்னொரு கூடையில். ‘கேஸ், கிரீஸ்’ ஒன்றில். ‘காபி, கேமரா’ மற்றொன்றில். குப்பத்துப் பிள்ளை இத்தனை சொற்களையும் தினமும் சொல்கிறது. படகு இன்ஜினுக்கு டீசல் ஊற்றுவதைப் பார்க்கிறது, கடையில் டீ வாங்கிவருகிறது. ‘டீ’யும் ‘டீசல்’ என்பதன் முதலெழுத்தும் வேறு வேறு ஒலி என்று ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு விளையாட்டுத்தான். எந்தக் கூடை, எந்தக் கூடை என்று வகுப்பே கத்தும். எழுத்து இன்னும் பலகைக்கு வரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். முதலில் காது, பிறகு கை, அப்புறம் கண்.

ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழில் எழுதிவைத்துப் படிக்கும் வழக்கம் எவ்வளவு கெடுதல் என்பது இதிலிருந்தே தெரியும். பூனைக்கும் ‘கேட்’, வாசல் கதவுக்கும் ‘கேட்’. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எந்த வித்தியாசத்தைக் கற்கப் பிள்ளை பள்ளிக்கு வந்ததோ அந்த வித்தியாசத்தைப் பென்சில் அழித்துவிடுகிறது. (இந்த உரை அச்சுக்குப் போகும்போதும் இதே சங்கடம்தான். மேலே சொன்ன கூடைகளை வாசகர்கள் வாய்விட்டுச் சொல்லித்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.)

‘இஸ்கூல்’ என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க அதில் என்ன இருக்கிறது? மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. நாக்கு அந்த இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு முன்னால் ஓர் ‘இ’யைப் போட்டுக்கொள்கிறது. பாம்பின் சீறலைப் போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுக்கவிட்டு, அந்த இழுப்பின் நுனியில் ‘கூல்’ என்பதைச் சேர்க்கச் சொன்னால் ‘இ’ தானே உதிர்ந்துவிடும்.

ஒலியை முன்வைக்கும் இந்த வழி அடையாற்றுக்குப் புதிதில்லை. மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். சில மாதப் பயிற்சி வகுப்புக்காக வந்தவர் இரண்டாம் உலகப் போர் காரணமாகத் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கினார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி, தடவும்போதே அந்த எழுத்தின் ஒலியைப் பிள்ளை சொல்வது அவருடைய முறை. எழுத்தின் பெயர் பிறகு வரும். உப்புத்தாள் என்பது என்ன? அட்டையில் ஒட்டிய மணல்! எழும்பூரில் பெல் நடத்தியதும் அடையாற்றில் மாண்டிசோரி கொண்டுவந்து காட்டியதும் இரண்டு வேறு வழிகள். இரண்டும் விரலையும் ஒலியையும் சேர்த்தே பிடித்தன.

இதற்கும் முன்பே, 1894இல், அதே சபையின் தலைவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட் ஊரூரில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மற்றப் பள்ளிகளின் வாசல் அந்தப் பிள்ளைகளுக்கு அடைத்திருந்த காலம் அது. கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அடுத்தடுத்துப் பள்ளிகள் எழுந்தன. ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். பள்ளிகளைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து பாமர், கோர்ட்ரைட் என்ற ஆசிரியைகள் வந்தார்கள். உருப்போடுவதை விட்டுவிட்டு, பிள்ளை கையால் செய்து கற்கும் கிண்டர்கார்ட்டன் வழியை அவர்கள் கொண்டுவந்தார்கள். கற்பித்த விதத்தை கோர்ட்ரைட் 1906இல் சிறு நூலாகவே எழுதினார். தமிழில் எழுதப் படிக்கத் தெரியவேண்டும், கணக்கு தெரியவேண்டும், கூடவே ஆங்கிலம் என்பதுதான் பாடத்தின் வரிசை. இந்த வரிசையைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஒல்காட் பெயரால் அந்தப் பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் இலவசமாக நடக்கிறது.

அந்த வரிசை ஏன் சரி? 1953இல் யுனெஸ்கோ தாய்மொழிக் கல்வி குறித்த அறிக்கையில், பிள்ளைக்குத் தெரிந்த மொழியிலேயே எழுத்தறிவு தொடங்கவேண்டும் என்று சொன்னது. கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இன்னும் ஒரு படி போனார். ஒரு மொழியில் படித்துப் பொருள் கொள்ளும் திறன் இரண்டாம் மொழிக்கும் கைமாறக்கூடியது என்றார். எழுத்து ஒலியைக் குறிக்கிறது, வரி இடமிருந்து வலம் போகிறது, எழுதியதற்கு ஒரு பொருள் உண்டு என்ற மூன்றையும் ஒரு பிள்ளை வாழ்நாளில் ஒருமுறை கற்றால் போதும். தமிழில் கற்ற பிள்ளை ஆங்கிலத்துக்கு வெறுங்கையோடு வருவதில்லை.

ஆங்கில வழி வேண்டும் என்று கேட்கும் பெற்றோரை இடித்துரைக்கும் உரிமை இதனால் எவருக்கும் வந்துவிடாது. தம் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு மீனவர் பிள்ளைக்குத் தாய்மொழிப் பெருமை பேசுகிறவர்கள் இந்த நகரில் நிறைய உண்டு. மீன் ஏலத்தில் வெயிலில் நிற்கும் தாய்க்கு, ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு எந்தக் கதவு திறக்கிறது என்று நன்றாகவே தெரியும். அவர் கேட்பது நியாயம். ஆனால் பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதும் பிள்ளைக்கு ஆங்கிலம் வருவதும் இரண்டு வேறு காரியங்கள். அறிவியலை ஆங்கிலத்தில் பார்த்தெழுதி ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளை, ஒரு வரியைத் தானாகப் படிக்கத் தெரியாமல் நிற்பது அரிய காட்சி ஒன்றுமில்லை.

படிப்பது என்றால் என்ன? 1986இல் காஃப், டன்மர் என்ற ஆய்வாளர் இருவர் இதை ஒரு பெருக்கலாக எழுதினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, கேட்டால் புரியும் திறன் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் வருவது படிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். தமிழ்ப் பாடத்தில் பிள்ளைக்கு இரண்டாம் எண் முழுதாகக் கையில் இருக்கிறது. வீட்டில் ஆறு வருடம் பேசியது. ஆங்கிலத்தில் அந்த எண் அநேகமாகப் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். அதனால்தான் ஆங்கில வகுப்பின் பாதி நேரம் புத்தகம் மூடியிருக்கவேண்டும். ‘கதவைத் திற’, ‘வலையை மடி’, ‘மீனை எண்ணு’ என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்ல, பிள்ளை செய்து காட்டவேண்டும். பதில் சொல்லாமல் செய்துகாட்டினாலே போதும். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பகுதிப் பள்ளிகள் சிலவற்றில் ஆங்கிலக் கல்வியாளர் என்.எஸ். பிரபு நடத்திய சோதனையின் அடிப்படை இதற்கு நெருங்கிய உறவு. இலக்கண விதியைப் போதிக்காமல், வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது, கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது என்று பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்தார். வேலையில் மூழ்கியபோது மொழி கூடவே வந்தது.

இலக்கணத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தனியே எடுத்துக் காட்டத்தான் வேண்டும். ‘பூனை மீனைத் தின்றது’ என்றாலும் ‘மீனைப் பூனை தின்றது’ என்றாலும் தமிழில் செத்தது மீன்தான். ‘ஐ’ உருபு மீனோடு ஒட்டிக்கொண்டு எங்கே போனாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் உருபு கிடையாது, இடம்தான் எல்லாம். இடத்தை மாற்றினால் மீன் பூனையைத் தின்றுவிடும். பூனை, மீன், தின்றது என்ற மூன்று அட்டைகளையும் ஆங்கிலத்தில் எழுதி வரிசை மாற்றி வைத்து, எந்த வரிசைக்கு எந்தப் படம் என்று கேட்டால் குப்பத்துப் பிள்ளைகள் சிரித்துப் புரளும். அந்தச் சிரிப்போடு வாக்கிய அமைப்பும் மனசில் ஏறிவிடும்.

ஒலிக்கு அடங்காத சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். அதையொட்டி எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்தது. உச்சரிப்போ நிற்காமல் ஓடியது. ‘நைஃப்’ என்ற சொல்லின் தலையில் நிற்கும் ‘கே’ ஒருகாலத்தில் ஒலித்த எழுத்து. இன்று வெறும் நினைவுச்சின்னம். எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் ஷ்மிட் மண்டபத்தைப் போல என்று பிள்ளைகளிடம் சொல்லலாம்: உள்ளே ஆள் இல்லை, ஆனால் இடிக்கவும் மாட்டார்கள். ‘வாஸ்’, ‘ஒன்’, ‘செட்’ போன்ற அடிக்கடி வரும் சொற்களைக் கண்ணால் பார்த்து மனதில் வைக்கத்தான் வேண்டும். ஒருநாளைக்கு இரண்டு போதும்.

இனி எழுதுவது. தமிழுக்கு இரட்டைக் கோடு நோட்டு, ஆங்கிலத்துக்கு நாலு கோடு நோட்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம். சின்ன ‘பி’யும் சின்ன ‘டி’யும் கண்ணாடியில் பார்த்ததுபோல் வலம் இடமாக மாறி நிற்பவை. நாற்காலியைத் திருப்பிவைத்தாலும் நாற்காலி என்று பழகிய பிள்ளைக்கு, எழுத்தைத் திருப்பினால் வேறு எழுத்து என்பது அநியாயமாகத் தோன்றும். இதற்கு மணலே மருந்து. கோடு போட்டுவிட்டு வயிறு போட்டால் ஒன்று, வயிறு போட்டுவிட்டுக் கோடு போட்டால் மற்றொன்று. கை போகும் வரிசையைத் தோள் நினைவில் வைத்துக்கொள்ளும்.

நாலு கோடு நோட்டில் முத்துமுத்தாக எழுதிய பக்கங்களைக் காட்டிப் பெருமைப்படாத பள்ளி கிடையாது. எழுதிய பிள்ளையிடம் அதைப் படிக்கச் சொன்னால் என்ன ஆகும்? பார்த்தெழுதுவது விரலுக்குப் பயிற்சி. எழுதுவது என்பது சொல்ல நினைத்ததைத் தாளில் வைப்பது. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, ‘இன்று உனக்கு என்ன சொல் வேண்டும்?’ என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டார். அது கேட்ட சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் படிக்க முடியாத அட்டையைக் கிழித்துப்போட்டார், ஏனென்றால் அது பிள்ளையின் மனதிலிருந்து வந்த சொல் இல்லை. அனுபவத்தை 1963இல் நூலாக எழுதினார்.

ஊரூர்ப் பிள்ளை என்ன சொல் கேட்கும்? வலை, போட், அலை, நண்டு, அப்பா. ‘கட்டுமரம்’ என்று ஒரு பிள்ளை கேட்டால் ஆசிரியர் அகராதியைத் திறந்து காட்டலாம். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குத் தமிழிலிருந்தே போனது. அப்படிக் கிடைத்த சொற்களை வைத்துப் பிள்ளை ஒரு வரி எழுதும்: அப்பா போட்டில் போனார், வஞ்சிரம் கிடைத்தது. எழுத்துக்கூட்டு தப்பாக இருக்கும். ‘சி’ வரவேண்டிய இடத்தில் ‘கே’ இருக்கும். அந்தத் தப்பை ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்காமல் படிக்கவேண்டும். ‘க்’ ஒலியைச் சரியாகக் கேட்ட பிள்ளைதான் ‘கே’ போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு இரண்டு எழுத்து உண்டு என்பதை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம்.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இவ்வளவும் ஓர் ஆசிரியரால் ஆகுமா? தனியாக ஆகாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் போன செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், அட்டைகளைத் தாங்களே எடுத்தார்கள், முன்னேறிய பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. சட்டாம்பிள்ளை, இதற்கு முன்மாதிரியான ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி வழியாகத் திரும்பி வந்தார் என்று சொல்லலாம். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் இயக்கம் முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் பாடல், அட்டை, செயல் வழியாகவே கொண்டுபோனது. வீட்டில் உதவ ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இந்த வட்டம்தான் டியூஷன். அந்தப் பிள்ளைக்கு அம்மாவிடம் கேட்டு எழுதும் வீட்டுப்பாடம் கொடுப்பது கொடுமை. ஆங்கிலக் கதையைப் படித்துவிட்டு அம்மாவுக்குத் தமிழில் சொல்லிவா என்றால், மீன் கூடையைக் கழுவிக்கொண்டே அம்மா கேட்பார்.

கடைசியாகச் சோதனை. படித்த பாடத்திலிருந்து கேட்டால் நினைவுதான் தெரியும். பாடத்தில் இல்லாத சொல்லைக் காட்டவேண்டும். உலகத்திலேயே இல்லாத சொல்லையும் எழுதிக் காட்டலாம். கூட்டிப் படித்துவிட்டால் ஒலி வந்துவிட்டது. பொருள் வந்ததா என்று பார்க்கக் குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலைவரை பிள்ளைகளை நடத்திக்கொண்டு போகலாம். ஐஸ்கிரீம் கடை, மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம், கடலில் இறங்காதே என்று எச்சரிக்கும் பலகை என வழியெங்கும் ஆங்கிலம்தான். நேற்றுவரை அவை பிள்ளைக்கு வண்ணக் கோடுகள். இன்று ஒரு பிள்ளை எச்சரிக்கைப் பலகையின் முன்னால் நின்று, ஒவ்வொரு ஒலியாகக் கூட்டி, முழுதும் படித்து முடித்து, ‘எங்க அப்பா தினமும் இறங்குறாரே’ என்று ஆசிரியரைத் திருப்பிக் கேட்டால், அந்தப் பிள்ளைக்குப் படிக்க வந்துவிட்டது.